கழுவி மாட்டிய ஆயில் ஃபில்டர்

அன்றைக்கு மந்தைவெளி ஒர்க்ஷாப்பில் இருந்தவர்கள் நான், மெக்கானிக், என் மச்சான். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் வீட்டுக்காரி வந்து சேர்ந்தாள். போனில் மயிலாப்பூர் மாமி. அவ்வளவுதான் ஆட்கள். இதை முதலிலேயே ஏன் சொல்லிவிடுகிறேன் என்றால், பிற்பாடு எங்கள் சொந்தக்காரர்களில் அந்தப் பக்கமே வராதவர்கள்கூட நேரில் நின்று பார்த்த மாதிரி பேசினார்கள். இன்ஜின் வெடித்தது என்று ஒருத்தர் சொன்னார். மெக்கானிக்கும் மச்சானும் அடித்துக்கொண்டார்கள் என்று இன்னொருத்தர். அப்படியெல்லாம் இல்லை. நடந்தது சின்ன விஷயம்தான். ஆனால் இன்று வரைக்கும் எனக்கு அது என்ன என்றே விளங்கவில்லை.

நான் வண்டி ஓட்டுகிறவன். எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். சொந்த வண்டி, டீசல், மஞ்சள் போர்டு, தவணை இன்னும் முடியவில்லை. கோட்டூர்புரம் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்ததும், ஹேண்ட் பிரேக் போட்டேனா என்று திரும்ப இறங்கிப் போய்ப் பார்ப்பேன். போட்டுத்தான் இருப்பேன். பார்த்துவிட்டு மேலே வந்தால் கண்ணாடியை ஏற்றினேனா என்று வரும். என் வீட்டுக்காரி, "வண்டியை மேலயே தூக்கிட்டு வந்து கட்டில் பக்கத்துல நிறுத்திக்கோ" என்பாள்.

இந்த சுபாவத்தால்தான் மாமியும் அவர் வீட்டுக்காரரும் எனக்கு வாடிக்கையானார்கள். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் வீடு. இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது. மாமாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. வேகமாகப் போனால் அவருக்குப் படபடவென்று வந்துவிடும். நான் அறுபதுக்கு மேல் போக மாட்டேன். மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்கிற விஷயம், மாமிக்கு அதுவே பிடித்துப்போனது. மாதம் ஒரு தடவை கும்பகோணம் பக்கம் அவர்கள் குலதெய்வம் கோயில், இரண்டு நாள் டிரிப். அது போக அடையாறில் ஆஸ்பத்திரிக்குப் போக வர. அந்த ஒரு வீட்டு வருமானத்தில்தான் என் தவணை ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் விடிகாலை அவர்களை ஏற்றிக்கொண்டு கும்பகோணம் கிளம்ப வேண்டும். அதனால்தான் அன்றைக்கு ஆயில் மாற்ற மந்தைவெளிக்குப் போனேன்.

இனி ஃபில்டர் விஷயம். இன்ஜின் ஆயிலில் சேர்கிற அழுக்கைப் பிடிக்க ஒரு ஃபில்டர் உண்டு. சாதாரணமாக வருவது சின்ன தகர டப்பா, உள்ளே மடித்து மடித்து வைத்த காகிதம். ஆயில் மாற்றும்போது பழையதைத் திருகிக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டுவார்கள். இருநூற்று அறுபது ரூபாய். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்கவும் முடியாது, டப்பாவை அறுத்தால்தான் உண்டு.

என் மச்சான், அதாவது வீட்டுக்காரியின் தம்பி, தி. நகரில் ரங்கநாதன் தெருவில் ஒரு பாத்திரக் கடையில் சேல்ஸ்மேன். எந்நேரமும் போனில் எதையாவது வாங்கிக்கொண்டே இருப்பான். அவன்தான் கழுவித் திரும்பத் திரும்ப மாட்டுகிற ஃபில்டர் ஒன்றை வரவழைத்து எனக்கு அன்பளிப்பாகக் கொடுத்தான். வெளியே அலுமினிய டப்பா, அதைத் திறந்தால் உள்ளே எவர்சில்வர் வலை. சல்லடை மாதிரி, ஆனால் கண்ணுக்கே தெரியாத ஓட்டை. விலை மூவாயிரத்து அறுநூறு.

"பதினாலு ஃபில்டர் காசு மாமா. அதுக்கப்புறம் ஆயுசுக்கும் ஓசி" என்றான்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுகிறேன். போட்ட காசு திரும்பி வரவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வண்டி இருக்குமா, நான் இருப்பேனா? ஒவ்வொரு தடவையும் கழுவ அரை லிட்டர் டீசல், அது கணக்கில் வருமா வராதா? ரப்பர் வளையம் தேய்ந்துபோனால் எங்கே வாங்குவது? காசு போட்டது அவன்தானே, எனக்கு என்ன நஷ்டம் என்றும் தோன்றியது. இன்ஜின் என்னுடையது ஆயிற்றே என்றும் தோன்றியது. இப்படி மாறி மாறி.

மச்சான் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன காந்தத்தை எடுத்து அந்த வலையில் வைத்தான். ஒட்டவில்லை. அவன் கடைக்கு வருகிற பெண்கள் பலபேர் பையிலேயே காந்தம் வைத்திருப்பார்கள். எவர்சில்வர் குடத்தில் காந்தம் ஒட்டினால் மட்டச் சரக்கு, ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு. அவனுக்கு உலகத்தில் எதையும் அளக்க அந்த ஒரு காந்தம் போதும்.

"பாத்தியா. ஃபர்ஸ்ட் குவாலிட்டி. பேத்திக்குச் சீர் குடுக்கலாம்" என்றான்.

மாட்டினோம். வண்டி எப்போதும் போல ஓடியது. முதல் தடவை கழுவ வேண்டிய நாள் வந்தது. மெக்கானிக் கை வைக்க மாட்டேன் என்றுவிட்டார். "எனக்கு டிஸ்போஸ் பண்றதுதான் தெரியும். பாத்திரம் விளக்குற வேல வேணாம் நைனா" என்று அதை ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்து, தற்காலிகத்துக்கு ஒரு காகித ஃபில்டரை மாட்டி அனுப்பினார்.

வீட்டுப் பால்கனியில் வாளியில் டீசல் ஊற்றி அலசிப் பார்த்தேன். கருப்பு போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் சில இடம் பளிச், சில இடம் இருட்டு. என் வீட்டுக்காரி பொறுத்துப் பார்த்துவிட்டு, "குடு இப்படி, நாள் பூரா அலசிக்கினே இருப்ப" என்று பிடுங்கிப் போனாள். சுடுதண்ணி, சோப்பு, கம்பி நார். அடிப்பிடித்த பால் பாத்திரத்தைத் தேய்க்கிற தேய்ப்பு. பத்து நிமிஷத்தில் வாங்கின அன்றைக்கு இருந்ததைவிடப் பளபளப்பாகக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கும் சந்தோஷம்தான். போட்டோகூட எடுத்தேன்.

அந்தப் பளபளப்பைப் பார்த்த மச்சானுக்கு ஒரு யோசனை வந்தது. ஒர்க்ஷாப்பில் மாறிப் போய்விடக் கூடாது, பேர் வெட்டிவிடலாம் என்றான். பாத்திரக் கடையில் வாங்குகிற எதிலும் பேர் வெட்டித் தருவார்கள். கையில் பிடிக்கிற சின்ன மிஷின், கிர்ரென்று அதிர்ந்துகொண்டே எழுதும். அவன் கை எழுத்து அந்தத் தெருவிலேயே பேர் போனது. உள்ளே இருக்கிற வலையின் எவர்சில்வர் மேல் தட்டில் என் பேர், என் வீட்டுக்காரி பேர், தேதி, கீழே சின்னதாக "அன்பளிப்பு" என்று வெட்டிக்கொண்டுவந்து கொடுத்தான். அடுத்த ஆயில் மாற்றும்போது அதை மாட்டினோம். மெக்கானிக் அன்று இல்லை, அவர் தம்பி மாட்டினார்.

அதைக் கழற்றுகிற நாள்தான் நான் முதலில் சொன்ன நாள்.

மச்சானுக்கு வார லீவு. தன் ஃபில்டர் எப்படி இருக்கிறது என்று பார்க்க அவனும் கூடவே வந்தான். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துத் திருகிக் கழற்றி, எட்டிக் கையில் கொடுத்தார். நான் அவசரப்பட்டு டப்பாவைத் திறந்து, வலையோடு ஆயிலையும் சேர்த்து ஒரு தட்டில் கவிழ்த்துவிட்டேன். பழைய தண்ணி கேனைப் பாதியாக அறுத்துச் செய்த வெள்ளைத் தட்டு. கருப்பு ஆயில் பரவியது. வெயில் அதன் மேல் விழுந்தது. அதற்குள் மினுக் மினுக்கென்று ஏதோ.

முதலில் சூரிய வெளிச்சம்தான் என்று நினைத்தேன். தட்டைத் திருப்பினேன். அதுவும் திரும்பியது. ஊசி முனை அளவு தூள்கள், அங்கங்கே.

மெக்கானிக் எழுந்து வந்து குந்திக்கொண்டு பார்த்தார். விரலில் தொட்டுத் தேய்த்தார். ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"இன்னா ணா அது" என்றேன்.

"பேரிங்கா இருந்தா நல்லதுக்கில்ல."

இன்ஜினுக்குள் சுற்றுகிற தண்டைத் தாங்குகிற பேரிங் தேய்ந்தால் அதிலிருந்து இப்படித் தூள் வருமாம். தேய்வது அதிகமானால் ஒருநாள் பிடித்துக்கொள்ளும். வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அப்படியே நின்றுவிடும். எனக்கு உடனே திண்டிவனம் தாண்டி ஒரு இடம் மனதில் வந்தது. மரமும் கிடையாது, கடையும் கிடையாது. அங்கே மாமா பின் சீட்டில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், மாமி விசிறுகிறார், நான் போனில் சிக்னல் தேடுகிறேன். முழுப் படமும் ஓடி முடிந்துவிட்டது.

மச்சான் காந்தத்தை எடுத்தான். "பேரிங்ல ஒட்டாது இல்ல? இரும்புதான ஒட்டும்?"

"ஒட்டாது. தேயறது மேல் பூச்சு, அது இரும்பு இல்ல" என்றார் மெக்கானிக்.

ஒரு பிளாஸ்டிக் கவரில் காந்தத்தைச் சுற்றித் தட்டில் விட்டு எடுத்தான். அதில் கொஞ்சம் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. எனக்கு மூச்சு வந்தது. தட்டைப் பார்த்தேன். அதிலும் கொஞ்சம் தூள் மிச்சம் இருந்தது.

"பாதி ஒட்டுது, பாதி ஒட்டல. அப்ப இன்னா அர்த்தம்?" என்றேன்.

"பாதி நல்லா கீது, பாதி நல்லா இல்லன்னு அர்த்தம்" என்றார் மெக்கானிக். அவர் ஜோக் அடிக்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று எனக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை.

அப்புறம் அவர், "தூளு வலைக்கு வெளிப்பக்கம் இருந்துச்சா, உள்பக்கமா?" என்று கேட்டார். வெளிப்பக்கம் என்றால் ஃபில்டர் பிடித்து நிறுத்திவிட்டது. உள்பக்கம் என்றால் ஃபில்டரைத் தாண்டி இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருந்தது. நான்தான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கவிழ்த்துவிட்டேனே. தெரியவில்லை என்றேன்.

"பொறுமையா தெறந்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். "தகர டப்பாவா இருந்தா இந்தப் பிரச்சினையே இல்ல. தூக்கிப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்போம்."

"அப்ப தூளு இருந்தாலும் தெரியாதுல்ல" என்றான் மச்சான். "இப்ப தெரிஞ்சுது. அதான் இதுல லாபம். மூவாயிரத்து அறுநூறுக்கு உனக்கு ஸ்கேனே எடுத்துக் குடுத்திருக்கேன்."

"ஸ்கேன்ல கர்ப்பமான்னு சொல்லுவாங்கடா. இது சொல்லலியே" என்றார் மெக்கானிக்.

நான் வீட்டுக்காரிக்குப் போன் செய்தேன். எதற்கு என்றால், மெக்கானிக் வலையைப் பார்த்துவிட்டு, இதை எதை வைத்துத் தேய்த்தீர்கள் என்று கேட்டார். கம்பி நார் என்றேன். "அதுவா இருக்கும்" என்றார். அந்த நாரைக் கொண்டுவரச் சொன்னேன். அவளும் தி. நகரில்தான் ஒரு புடவைக் கடையில் பில் போடுகிறாள். மதிய ஷிப்ட். கிளம்புகிற நேரத்தில் கூப்பிட்டுக் கம்பி நார் கொண்டுவா என்றால் எப்படி இருக்கும். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கடைப் புடவை, தலையில் பூ, கையில் ஒரு டிபன் டப்பா. டப்பாவைத் திறந்தால் உள்ளே நார்.

"ஊர்ல புருஷனுங்க சோறு கேப்பானுங்க" என்றாள்.

மெக்கானிக் அவளைப் பார்த்து, "தங்கச்சி, ஃபில்டர இப்படியா தேய்ப்பாங்க?" என்றார்.

"நீங்க தேய்க்க மாட்டேன்னு குடுத்து அனுப்பிச்சீங்கல்ல ணா. அப்புறம் எப்படித் தேய்க்கணும்னு எழுதி அனுப்பிச்சிருக்கலாம்."

அவர் ஒரு துணியை எடுத்துக் கீழே விரித்தார். நாரை உதறினோம். நல்ல வேளையாகத் தூள் விழுந்தது. மச்சான் காந்தத்தைக் காட்டினான். ஒட்டியது. ஆக, ஒட்டுகிற தூள் நாரிலிருந்து வந்தது என்று நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டோம். மெக்கானிக் மட்டும், இன்ஜினில் இரும்புச் சாமானும் நிறைய இருக்கிறது, அதுவும் ஒட்டும் என்று மெதுவாகச் சொன்னார். அதை நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் போட்டுக்கொண்டேன், வெளியே காட்டவில்லை.

மீதி ஒட்டாத தூள். அதுதான் பாக்கி.

மெக்கானிக் வலையைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தவர், மேல் தட்டுக்கு வந்ததும் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். என் பேர், அவள் பேர், தேதி, அன்பளிப்பு.

"இது இன்னாது?"

மச்சான் காந்தத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"ஃபில்டருக்குப் பேரு வெட்டினவன் யாரு?"

"நான்தான் ணா" என்றான் மச்சான். "மாறிடக் கூடாதுன்னு."

"இத எவன்டா திருடுவான்?" என்றவர், வெட்டின எழுத்தை நகத்தால் வருடினார். எழுத்தின் ஓரங்களில் சொரசொரப்பாக இருந்தது. என் வீட்டுக்காரியின் பேரில் ஒரு சுழி பாதி பெயர்ந்து நின்றது. "வெட்டினப்புறம் கழுவுனியா?"

மச்சான் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவள் கழுவினது வெட்டுவதற்கு முன்னால். வெட்டினதுக்கு அப்புறம் அவன் அதைப் பாத்திரம் மாதிரியே துணியில் துடைத்து, கடைப் பையில் போட்டுக் கொடுத்தான். நான் அப்படியே வண்டியில் வைத்தேன். கடையில் பேர் வெட்டினால் சொம்பை அவரவர் வீட்டில் கொண்டுபோய்க் கழுவிக்கொள்வார்கள். இதை யாரும் கழுவவில்லை.

"எவர்சில்வர் தூளு காந்தத்துல ஒட்டாது" என்றான் மச்சான். அவன் முகத்தில் வெட்கமும் இருந்தது, ஜெயித்த மாதிரியும் இருந்தது. "அப்ப ஒட்டாததெல்லாம் என் எழுத்துதான். பேரிங் இல்ல மாமா. தைரியமா போ."

"அவன் வெட்டினது இத்தினியூண்டு எழுத்து. இவ்வளவு தூளு வருமா?" என்று மெக்கானிக் என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும். எழுத்துக்கு எவ்வளவு தூள் வரும் என்று எந்தக் கணக்கில் போடுவது.

"அன்பளிப்புன்னு வேற எழுதிக்கீறான், நீளமான வார்த்தை" என்றாள் என் வீட்டுக்காரி.

மெக்கானிக் சிரித்தார். அப்புறம் அவருக்கே ஒரு யோசனை வந்தது. இடையில் தற்காலிகமாக மாட்டினோமே ஒரு காகித ஃபில்டர், அதை அறுத்துப் பார்க்கலாம். அதில் தூள் இருந்தால் பேரிங். இல்லாவிட்டால் எங்கள் நாரும் எழுத்தும். எனக்கு அது ரொம்ப நல்ல யோசனையாகப் பட்டது. கழற்றின தகர டப்பாக்களை அவர் ஒரு டிரம்மில் போட்டுவைத்து இரும்புக் கடைக்கு எடை போடுவார். டிரம்மைக் கவிழ்த்தோம். ஐம்பது அறுபது டப்பா உருண்டது. எல்லாம் ஒரே கருப்பு. எது என்னுடையது?

"உன் வண்டி சைஸுல ஒரு பதினஞ்சு இருக்கும்" என்றார்.

குத்துமதிப்பாக ஒன்றை எடுத்து அறுத்தார். காகிதத்தைப் பிரித்து வெயிலில் காட்டினோம். அதில் தங்கப் பொடி தூவின மாதிரி தூள். அது என் வண்டியுடையது என்றால் கதை முடிந்தது. இல்லை என்றால் மந்தைவெளியில் யாரோ ஒருத்தன் இது தெரியாமல் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான். அவன் யாராக இருக்கும், அவன் வண்டியில் யார் ஏறிப் போகிறார்கள் என்று எனக்கு அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது. இரண்டாவது டப்பாவை அறுத்தார். அதில் ஒன்றுமே இல்லை. மூன்றாவதை அறுக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

"இதுக்குத்தான் பேரு வெட்டணும்ன்றது" என்றான் மச்சான்.

அப்போது மாமியிடமிருந்து போன் வந்தது.

"ஏம்ப்பா, கார்த்தால நாலரைக்கு வந்துடுவியோன்னோ? மாமா இப்பவே சட்டையெல்லாம் எடுத்து வெச்சுண்டு உக்காந்துண்டிருக்கார்."

நான் என்னத்தைச் சொல்வது என்று தெரியாமல், வண்டிக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருக்கிறேன், ஃபில்டரில் கொஞ்சம் தூள் மாதிரி இருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று உள்ளதைச் சொன்னேன்.

"ஃபில்டரா? டிகாக்‌ஷன்ல தூள் இறங்கறா மாதிரியா?"

"அப்படித்தான் மாமி."

"அப்படின்னா அடித் தட்டுல ஓட்டை பெருசாயிடுத்துன்னு அர்த்தம். எங்காத்துலயும் அப்படித்தான் ஆச்சு. நன்னாத் தேய்ச்சுத் தேய்ச்சே அந்த கதி. புதுசு வாங்கிட்டோம்."

அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு ஐந்தாவதாக ஒரு சந்தேகம் வந்துவிட்டது. கம்பி நார் தேய்த்த தேய்ப்பில் வலையின் ஓட்டையே பெரிதாகிவிட்டதா? கண்ணுக்குத் தெரியாத ஓட்டை பெரிதானால் மட்டும் தெரியவா போகிறது? கொஞ்ச நேரத்தில் கூப்பிடுகிறேன் என்று வைத்தேன்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "நைனா, ரெண்டே வழி. புது ஆயில ஊத்தி, தகர டப்பாவ மாட்டிகினு போ. நூத்துக்குத் தொண்ணூறு ஒண்ணும் ஆவாது. இல்லியா, அடியில சம்ப்பக் கழட்டி பேரிங்க கண்ணால பாத்துரலாம். ஆனா இன்னிக்குக் கழட்டினா நாளைக்குப் பூட்ட முடியாது. சாமான் வரணும்."

சம்ப் என்பது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கிற தொட்டி.

"போலாம் மாமா. தொண்ணூறுன்னு அவரே சொல்றாரு" என்றான் மச்சான்.

என் வீட்டுக்காரி டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "அந்தப் பத்துலதான இவரு குடியிருக்காரு" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, கொஞ்சம் வேறு குரலில், "நீ போனா ரெண்டு நாளும் உனக்குச் சோறு இறங்காது. அதுங்க வயசானதுங்க. நீ எதுன்னாலும் பண்ணு, ஆனா இப்ப சொல்லிடு. ராத்திரி பத்து மணிக்குச் சொல்லாத" என்றாள். ஷேர் ஆட்டோ பிடித்து வேலைக்குப் போய்விட்டாள்.

நான் தெருமுனை வரைக்கும் நடந்தேன். திரும்பி வந்தேன். தட்டில் இருந்த ஆயிலை இன்னொரு தடவை பார்த்தேன். பார்க்கப் பார்க்கத் தூள் அதிகமாவது போலவும் இருந்தது, முன்னே பார்த்ததைவிடக் குறைச்சலாகவும் இருந்தது. அப்புறம் மாமிக்குப் போன் செய்தேன். வண்டி வராது மாமி, எனக்குத் தெரிந்த பையன் ஒருத்தன், நல்லவன், அவனை அனுப்புகிறேன் என்றேன். அந்தப் பக்கம் பின்னால் மாமா என்னவோ கேட்பது காதில் விழுந்தது.

"அவன் மெதுவா ஓட்டுவானா?" என்றார் மாமி.

"சொல்லி அனுப்பறேன் மாமி."

மெக்கானிக் சம்ப்பைக் கழற்றினார். சாயங்காலத்துக்குள் ஒரு பேரிங் வெளியே வந்தது. அரை வட்டமாக, கை விரல் நீளம். உள் பக்கம் சாம்பல் நிறம், அதில் முடி மாதிரி மெல்லிசாக நாலைந்து கோடு. அதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் பார்த்தோம்.

"தேஞ்சிருக்கா?" என்றேன்.

"ஓடின வண்டிக்கு இந்தக் கோடு இருக்கத்தான் செய்யும்."

"அப்ப தூளு இதுலேர்ந்து வரலியா?"

"வந்திருக்கலாம்."

"இல்ல, எங்க தூளு போயி இத கீறியிருக்குமோ?"

"அதுவும் ஆவலாம்."

"ணா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன்."

"எனக்கும் ஒண்ணு தெரிஞ்சா சொல்லிடுவேன் நைனா. கழட்டியாச்சு, புதுசு போட்டுரு. இதத் திரும்ப மாட்டினா என் கடை வாசல்லயே நீ காலையிலயும் சாயங்காலமும் வந்து நிப்ப. என்னால முடியாது."

புது பேரிங் போட்டோம். காகித ஃபில்டர் மாட்டினோம். வண்டி எப்போதும் போல ஓடுகிறது. முன்னே எப்படி ஓடியதோ அப்படியேதான், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நல்ல பேரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டேனா, கெட்டுப்போகிற பேரிங்கிலிருந்து தப்பித்தேனா, அதுவும் தெரியவில்லை. கழுவுகிற ஃபில்டர் வாங்கலாமா என்று ஸ்டாண்டில் யாராவது கேட்டால், நான் சொல்கிற பதில் கேட்பவர்களுக்குப் பிடிப்பதில்லை. அது கெட்ட சாமான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. காகிதத்தின் காசு மிச்சம் என்றால், அந்த மிச்சத்துக்கு மேல் நான் செலவழித்தாகிவிட்டது. கழுவத் தெரிந்தவன், பொறுமையாகத் திறக்கிறவன், வீட்டில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்கிறவன், வாங்கட்டும். எனக்கு அது என்னவோ, தெரியாமல் இருந்த ஒன்றைக் காட்டிவிட்டு, அது என்ன என்று சொல்லாமல் விட்டுவிட்டது. இப்போது காகித டப்பாவைக் கழற்றும்போதெல்லாம் அறுத்துப் பார்க்கச் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வரும். மெக்கானிக் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் வந்துவிடுவேன்.

மாமியும் மாமாவும் கும்பகோணம் போய்ப் பத்திரமாக வந்தார்கள். வந்ததும் நானே போன் செய்து விசாரித்தேன்.

"அந்தப் பிள்ளையாண்டான் வேகமாத்தான் ஓட்டினான்" என்றார் மாமி. "நான் பயந்துண்டே வந்தேன். மாமா பாட்டுக்குத் தூங்கிண்டு வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கே ஆத்துக்கு வந்துட்டோம். மாமாவுக்கு அது சௌகரியமா இருந்ததாம்."

அடுத்த மாதம் கோயிலுக்கு அவனையே கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்னைக் கூப்பிடுகிறார்கள். அடையாறு பாலம் தாண்டும்போது மாமா இப்போதெல்லாம், "கொஞ்சம் அழுத்தலாமே" என்கிறார். நான் அழுத்துவதில்லை. கும்பகோணம் டிரிப் இல்லாத மாதத்தில் தவணை கட்டுவதற்கு விமான நிலையத்தில் போய் வரிசையில் நிற்கிறேன்.

பேரிங் செட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் ஆனது. அன்றைக்குக் கையில் இருந்த மூவாயிரத்தைக் கொடுத்தேன். அப்புறம் ஆஸ்பத்திரி டிரிப் காசு வந்தபோது ஆயிரத்து ஐநூறு. மச்சான் பாதி நான் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன், அவனும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. மெக்கானிக்குக்கு இன்னும் தர வேண்டியது மூவாயிரத்து நானூறு ரூபாய்.